ரெக்கார்ட் நோட்டும் ஒரு சொட்டுப் பாலும்

முதலில் ஒரு பாவமன்னிப்பு கேட்டுவிடுகிறேன். பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் நியூட்டன் வளையங்கள் பிராக்டிகலில் சோடியம் விளக்கின் அலைநீளம் 5886 ஆங்ஸ்ட்ராம் என்று எழுதிக்கொடுத்து முழு மார்க் வாங்கினேன். அந்த 5886 எந்தக் கண்ணாடித் தட்டிலிருந்தும் வரவில்லை. என் கால்குலேட்டரிலிருந்து வந்தது.

இயற்பியல் படித்தவர்களுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குவிலென்ஸைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து மஞ்சள் வெளிச்சம் விட்டால், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியும் அதைச் சுற்றி வளையம் வளையமாகவும் தெரியும். டிராவலிங் மைக்ராஸ்கோப்பின் குறுக்குக் கம்பியை இருபதாவது வளையத்தின் இடது ஓரத்தில் வைத்து, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வலது ஓரம்வரை நகர்த்தி, வெர்னியரில் ரீடிங் எடுக்க வேண்டும். பன்னிரண்டாவது வளையத்தில் இருக்கும்போது பக்கத்து பெஞ்சுக்காரன் ஸ்கேல் கேட்பான். எண்ணிக்கை போச்சு. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று மணி நேரத்தில் இப்படி இரண்டு தரம் ஆனால் யார்தான் என்ன செய்வார்கள்? விடை 5893 என்று லேபுக்குள் நுழைகிற எல்லாருக்கும் தெரியும். (எங்கள் லேபில் விளக்குக்குப் பக்கத்துச் சுவரிலேயே யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.) அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வளையங்களின் விட்டம் வரும், விட்டத்திலிருந்து ரீடிங் வரும். அச்சு அசலாக 5893 வந்தால் எக்ஸ்டர்னலுக்குச் சந்தேகம் வரும் என்பதால் ஏழு குறைத்து வைத்தேன். அதுதான் இதில் கலையே.

அப்போது இதை ஒரு தப்பாகவே நினைக்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஒரு ஸ்டாப்பிங் போவதுபோல. இப்போது எம்.எஸ்ஸி. கடைசி வருடத்தில் மைக்ராஸ்கோப்பும் கேமராவுமாக ஒரு ப்ராஜெக்ட் செய்து, அதில் மூக்குடைபட்ட பிறகு எண்ணம் மாறிவிட்டது. நம் பிராக்டிகல் வகுப்புகள் அளக்கக் கற்றுத்தரவில்லை, விடையைப் போய்ச் சேரக் கற்றுத்தருகின்றன என்பதுதான் இங்கே நான் சொல்ல வந்த புகார். அதற்கு மாற்றாக ஒரு யோசனையும் இருக்கிறது. அதற்குத் தேவை ஒரு சொட்டுப் பால். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் அங்கே போக வேண்டும், பொறுத்துக்கொள்ளவும்.

நான் இப்போது எட்டிப் பார்த்திருக்கும் துறைக்கு ஆங்கிலத்தில் சாஃப்ட் மேட்டர் என்று பெயர். தமிழில் 'மென்பொருள் இயற்பியல்' என்று அழகாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த வார்த்தையைக் கம்ப்யூட்டர்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் சொன்னால் ஐ.டி. வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள் :-) விஷயம் இவ்வளவுதான்: பால், ரத்தம், பெயின்ட், ஷாம்பு, தயிர், பற்பசை, சோப்பு நுரை. முழுத் திடமும் இல்லை, முழுத் திரவமும் இல்லை. அறை வெப்பநிலையின் சாதாரண மூலக்கூறு ஆட்டமே இவற்றை அசைத்துப் போடப் போதும். இதில் பாதி ஆராய்ச்சி, ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அவை எப்படி ஆடுகின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான். மைக்ரோமீட்டர் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த ஆட்டத்தை 1827-இல் ராபர்ட் பிரவுன் பார்த்தார். "மகரந்தத் தூள் தண்ணீரில் துள்ளியது" என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். துள்ளியது மகரந்தமல்ல. மகரந்தம் அவ்வளவு துள்ளாது, பெரிசு. அதற்குள்ளிருந்த சின்னஞ்சிறு துகள்கள்தான் துள்ளின. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அவர் அடுத்துச் செய்த காரியம். உயிருள்ள செடியிலிருந்து வந்த துகள், தானாக ஆடுகிறது. உயிரின் அடிப்படையையே கண்டுவிட்டோம் என்று துள்ளிக்குதிக்க எல்லா முகாந்திரமும் இருந்தது. அவர் குதிக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் உலர்த்தி வைத்த செடிகளை எடுத்துப் பார்த்தார். ஆடியது. கண்ணாடியைப் பொடித்துப் போட்டார். ஆடியது. எகிப்து ஸ்ஃபிங்க்ஸ் சிலையின் ஒரு துணுக்கைக்கூடப் பொடி செய்து பார்த்தார். அதுவும் ஆடியது. ஆக, உயிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு அழகான கண்டுபிடிப்பைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டவர் பெயரைத்தான் அந்த ஆட்டத்துக்கு வைத்திருக்கிறோம்.

காரணத்தை 1905-இல் ஐன்ஸ்டீன் கணக்காகப் போட்டார், 1906-இல் ஸ்மோலுகோவ்ஸ்கி தனி வழியில் அங்கேயே வந்து சேர்ந்தார். தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருப்பதால் உருண்டை தள்ளாடுகிறது. எவ்வளவு தூரம் போகும் என்பதில்தான் சூட்சுமம். நேரம் இரட்டித்தால் தூரம் இரட்டிக்காது, தூரத்தின் வர்க்கம்தான் இரட்டிக்கும். 25 டிகிரி தண்ணீரில் ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒரு வினாடியில் சுமாராக 1.4 மைக்ரோமீட்டர் தள்ளிப்போகும். நான்கு வினாடியில் அதைப்போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். இப்படியே ஒரு திசையில் ஒரு சென்டிமீட்டர் போய்ச் சேர வேண்டுமென்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். நம்மூர் அரியர் பேப்பர் கணக்கு மாதிரி.

ஐன்ஸ்டீனுக்கு முன் இந்த உருண்டைகளின் 'வேகத்தை' அளக்கப் போனவர்கள் திண்டாடியதற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு வினாடியும் பார்த்தால் ஒரு வேகம், கால் வினாடிக்கு ஒரு தரம் பார்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு வேகம். கேள்வியே தப்பு.

1908-இல் பாரிஸில் ழான் பெரன் உட்கார்ந்து அளந்தார். அவர் எடுத்துக்கொண்டது கம்போஜ் என்ற மஞ்சள் சாயப் பிசின். குடம்புளி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு மரத்திலிருந்து வருவது, கம்போடியா என்ற பெயரிலிருந்து வந்த பெயர். ஒரு கிலோ பிசினைத் தண்ணீரில் கரைத்து, திரும்பத் திரும்பச் சுழற்றிப் பிரித்து, மாதக்கணக்கில் உழைத்து, ஒரே அளவுள்ள உருண்டைகளை எடுத்தார். கிடைத்தது ஒரு கிராம்கூட இல்லை, அதில் சில பத்தில் ஒரு பங்குகள். அந்த உருண்டையின் ஆரத்தை மூன்று வெவ்வேறு வழிகளில் அளந்தார். மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் மேலே போனார்.

அவருக்குக் கிடைத்த அவகாட்ரோ எண் எவ்வளவு தெரியுமா? முறைக்கு முறை மாறியது. 10-இன் 23-ஆம் அடுக்கை விட்டுவிட்டுச் சொன்னால் 6.5-க்கும் 7-க்கும் நடுவில், பெரும்பாலும் 6.8-ஐ ஒட்டி. இன்றைய மதிப்பு 6.022. 2019-லிருந்து அதை அளப்பதே இல்லை, வரையறையாகவே வைத்துவிட்டார்கள். அதாவது பெரனின் விடையில் பத்து சதவீதத்துக்கும் மேலே பிழை. எங்கள் லேபில் இப்படி வந்திருந்தால் "ரிப்பீட்" என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள். அந்த விடையைப் பார்த்துத்தான் அணு என்பதெல்லாம் கற்பனை என்று அதுவரை அடித்துப் பேசிக்கொண்டிருந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1909-இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். 1926-இல் பெரனுக்கு நோபல் பரிசும் வந்தது.

பெரனுக்குச் சுவரில் பென்சிலால் எழுதிவைத்த விடை கிடையாது. உருண்டைகள் உயரத்தில் எப்படி அடுக்கப்படுகின்றன என்று பார்த்தால் ஒரு எண், எவ்வளவு தூரம் தள்ளாடுகின்றன என்று பார்த்தால் ஒரு எண், எவ்வளவு சுழல்கின்றன என்று பார்த்தால் இன்னொரு எண், கதிரியக்கம், வானத்தின் நீலம் என்று மற்றவர்கள் அளந்த பத்துக்கும் மேற்பட்ட வழிகள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இத்தனை வழிகளும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்தன. நம்பகத்தன்மை அங்கேயிருந்து வந்தது. மூன்றாவது தசம இலக்கத்திலிருந்து வரவில்லை.

பாடப்புத்தகங்களில் இன்றும் போடுகிறார்களே, ஒரு நெளிநெளியான கோட்டுப்படம், பெரனின் உருண்டை போன பாதை என்று? அதுவும் பாதையல்ல. 30 வினாடிக்கு ஒரு தரம் உருண்டை இருந்த இடத்தைக் குறித்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்த படம். அந்தக் கோடுகளின் மேல் உருண்டை போகவேயில்லை. பெரனே இதைச் சொல்லியிருக்கிறார்: ஒவ்வொரு வினாடியும் குறித்திருந்தால், அந்த ஒவ்வொரு நேர்கோட்டின் இடத்திலும் அதே அளவு சிக்கலான இன்னொரு நெளிகோடு இருந்திருக்கும் என்று. படம் நம்மிடம் உண்மையைப் பேசாது. எத்தனை வினாடிக்கு ஒரு தரம் நீ பார்த்தாய் என்பதற்குத்தான் பதில் சொல்லும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால். பட்டுத் தெரிந்துகொண்டது முன்னால்.

என் ப்ராஜெக்டில் முதல் வேலை ரொம்பச் சாதாரணம். ஒரு மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரின் உருண்டைகளைத் தண்ணீரில் விட்டு வீடியோ எடுத்து, அவை எப்படி விரவுகின்றன என்று அளந்து காட்ட வேண்டும். வெறும் பயிற்சி. 1996-இல் குரோக்கரும் கிரியரும் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து இந்த வேலை சுலபமாகிவிட்டது. ஒளி நுண்ணோக்கியால் கால் மைக்ரோமீட்டருக்குக் கீழே இரண்டு பொருட்களைப் பிரித்துப் பார்க்க முடியாது என்று படித்திருப்போம். ஆனால் தனியாக நிற்கும் ஒரு உருண்டையின் மங்கலான படத்தில் வெளிச்சத்தின் மையம் எங்கே என்று கணக்கிட்டால், அந்த மையத்தைப் பத்து நானோமீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். இன்று டிராக்பை என்று இலவச மென்பொருளே இருக்கிறது. (இது கம்ப்யூட்டர் மென்பொருள்!) வீடியோவைக் கொடுத்தால் பாதையைக் கொடுக்கும்.

சராசரி வர்க்க இடப்பெயர்ச்சியை நேரத்துக்கு எதிராக லாக்-லாக்கில் வரைந்தால் சாய்வு 1 வர வேண்டும். எனக்கு 1.4 வந்தது. திரும்ப எடுத்தேன், 1.4-ஐ ஒட்டியே வந்தது. என் மனசுக்குள் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் வந்த யோசனை, ஆரம்ப வினாடிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டால் 1 வந்துவிடுமே என்பது. பழைய வியாதி. இரண்டாவது யோசனை அதைவிட மோசம்: ஏதோ புதுசாகக் கண்டுபிடித்துவிட்டோமோ? தானாக நீந்தும் பாக்டீரியா போன்றவைதான் ஒன்றுக்கு மேல் சாய்வு காட்டும். இறந்த பிளாஸ்டிக் உருண்டை நீந்துகிறதா? இரண்டு நாள் அந்த மிதப்பிலேயே சுற்றினேன்.

எங்கள் லேபில் பிஎச்.டி. செய்யும் அக்காவிடம் காட்டினேன். வரைபடத்தைப் பார்க்கவேயில்லை. "கண்ணாடில ஒட்டிக்கிட்டு நகராம ஒண்ணு ரெண்டு உருண்டை இருக்குமே, அது எங்க போகுதுன்னு பாத்தியாப்பா?" என்றார்.

பார்த்தேன். ஒட்டிய உருண்டை அங்கேயே இருந்தது. அப்படியானால் மைக்ராஸ்கோப்பின் மேடை நகரவில்லை. பிறகு ஆடும் உருண்டைகள் எல்லாவற்றின் சராசரியை எடுத்தேன். அத்தனையும் மெதுவாக ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தன. கவர்ஸ்லிப்பின் ஓரத்தை நோக்கி. ஓரத்தை நான் மூடவில்லை, தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருந்தது. ஆவியாகும் ஓரத்தை நிரப்ப உள்ளேயிருந்து தண்ணீர் ஓடுகிறது, உருண்டைகளையும் இழுத்துக்கொண்டு. மேசையில் சிந்திய காப்பி காய்ந்தால் விளிம்பு மட்டும் கறுப்பாக வளையம் கட்டுகிறதே, 1997-இல் சிகாகோவில் அதற்குச் சொன்ன அதே விளக்கம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு அரை மைக்ரோமீட்டர் ஓட்டம் இருந்தால் போதும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது, பத்து வினாடிக்குள் விரவலை மிஞ்சிவிடும்.

ஃபேன்ஸி ஸ்டோரில் நெயில் பாலிஷ் வாங்கிவந்து ஓரத்தைச் சுற்றிப் பூசினேன். (என்ன கலர் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதற்கு "எது சீக்கிரம் காயும்?" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.) சாய்வு 1 வந்தது.

கதை முடிந்தது என்று நினைத்தால், ஒட்டிய உருண்டையின் பாதையையும் பாருங்கள் என்றது வரைபடம். நகரவே நகராத அந்த உருண்டை, கணிப்பொறியின் கணக்கில் இருபது முப்பது நானோமீட்டர் நடுங்கிக்கொண்டிருந்தது. அது உருண்டையின் நடுக்கமல்ல, கேமரா இரைச்சலால் மையத்தைக் கணிப்பதில் வரும் தடுமாற்றம். இது எல்லா உருண்டைகளின் கணக்கிலும் ஒரு நிலையான எண்ணாகச் சேர்ந்துகொள்ளும். அதனால் குறுகிய நேரங்களில் சாய்வு 1-க்குக் கீழே போகும். சுத்தமான தண்ணீரைப் பார்த்து "இது ஜெல் மாதிரி பிடித்து இழுக்கிறது" என்று எழுதிவிடலாம். இந்தப் பிழையையும், கேமரா கதவு திறந்திருக்கும் நேரத்துக்குள் உருண்டை நகர்ந்துவிடுவதால் வரும் பிழையையும் 2005-இல் சாவின், டாயில் என்ற இருவர் கணக்கு வழியாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆக என் ஒரு வீடியோவிலேயே உயிருள்ள பிளாஸ்டிக்கும் இருந்தது, ஜெல்லாகிப்போன தண்ணீரும் இருந்தது. இரண்டுமே பொய்.

நான் கற்றுக்குட்டி, அதனால் ஏமாந்தேன் என்று சொல்லலாம். கை தேர்ந்தவர்கள் கதையையும் கேளுங்கள்.

ஒரே மின்னேற்றமுள்ள இரண்டு உருண்டைகள் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ள வேண்டும். பள்ளிப் பாடம். 1994-இல் கெப்லரும் ஃபிரேடனும், பிறகு 1996, 97-இல் கிரியரின் குழுவும், கண்ணாடிச் சுவர்களுக்கு அருகே இப்படிப்பட்ட உருண்டைகள் ஈர்த்துக்கொள்வதுபோல் தெரிகிறது என்று மைக்ராஸ்கோப்பில் அளந்து சொன்னார்கள். கிரியர் குழுவினர் ஒளிக்கற்றையால் உருண்டைகளைப் பிடித்து நிறுத்தி, கற்றையை அணைத்துவிட்டு, அவை எப்படி விலகுகின்றன என்று அளந்தார்கள். (அந்த ஒளிச்சாமணத்தைக் கண்டுபிடித்த ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018-இல், 96 வயதில் நோபல் கிடைத்தது.) 1999-இல், வழக்கமான சமன்பாட்டில் அப்படி ஒரு ஈர்ப்பு வரவே முடியாது என்று கணிதமாக நிறுவினார்கள். 2000-இல் ஸ்கொயர்ஸும் பிரென்னரும், ஒரு சுவருக்கு அருகே பார்த்த ஈர்ப்பு விசையே அல்ல என்றார்கள். சுவர் தள்ளுவதால் உருண்டைகள் நகர, அந்த நகர்வில் எழும் நீரோட்டம் அவற்றை நெருங்க வைக்கிறது, அவ்வளவுதான் என்று. என் நெயில் பாலிஷ் கதையின் பெரியண்ணன்.

2005-இல் பௌம்கார்ட்டலும் பெக்கிங்கரும் இன்னொரு குண்டைப் போட்டார்கள். உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெளிச்சத்துக்கு எதிரே மெதுவாக நெருக்கிப் பாருங்கள். தொடுவதற்கு முன்பே நடுவில் கறுப்பாக ஒரு பாலம் தோன்றும். இப்போதே செய்து பாருங்கள், நான் காத்திருக்கிறேன். மங்கலான இரண்டு ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் வருவது அது. நெருங்கி நிற்கும் இரண்டு உருண்டைகளின் படத்திலும் இதேதான் நடக்கிறது. படங்கள் கலந்துவிடுவதால் மையங்கள் இடம் மாறித் தெரிகின்றன, தூரம் தப்பாக அளக்கப்படுகிறது. மிகச் சின்னப் பிழைதான். ஆனால் அந்தச் சின்னப் பிழையிலிருந்து இல்லாத ஒரு ஈர்ப்பு முளைத்துவிடும் என்று காட்டினார்கள்.

சரி, எல்லாமே கண்கட்டு வித்தை என்று மூட்டை கட்டிவிடலாமா? முடியாது. 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாதவி கிருஷ்ணனின் குழு மறுபடி வந்தது. எதிர்மின்னேற்றமுள்ள சிலிக்கா உருண்டைகள் தண்ணீரில் கூட்டம் சேர்கின்றன, நேர்மின்னேற்றமுள்ளவை சேரவில்லை. ஆல்கஹாலுக்கு மாற்றினால் தலைகீழாகிறது. திரவத்தை மாற்றியதும் தலைகீழாகும் விளைவை லென்ஸின் மங்கலால் விளக்குவது கஷ்டம். பரப்பை ஒட்டிய திரவ மூலக்கூறுகள் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பதுதான் காரணம் என்கிறார்கள். முப்பது வருடச் சண்டை. இதில் யாரும் திருடவில்லை, யாரும் முட்டாளுமில்லை. "என் படம் என்னை எப்படியெல்லாம் ஏமாற்றக்கூடும்?" என்ற கேள்விதான் ஒவ்வொரு அடியையும் முன்னால் தள்ளியிருக்கிறது. பிரவுன் ஸ்ஃபிங்க்ஸ் துணுக்கைப் பொடித்ததும், அக்கா ஒட்டிய உருண்டையைக் கேட்டதும் இதே கேள்விதான்.

இந்தக் கேள்வியை நம் பிராக்டிகல் வகுப்பில் ஒருமுறையாவது யாராவது கேட்டிருக்கிறார்களா? என்னைக் கேட்டதில்லை. "எவ்வளவு வந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். விடை தெரிந்த கணக்கில் பிழை என்பது ஒரு அவமானம், மறைக்க வேண்டிய ஒன்று. மூன்று வருடம், ஏறக்குறைய நாற்பது பரிசோதனை, ஒவ்வொன்றிலும் அந்த அவமானத்தை மறைக்கப் பழகியவன் ஆராய்ச்சிக்குள் வந்தால் 1.4-ஐ வெட்டித்தான் 1 ஆக்குவான். 2016-இல் எலிசபெத் பிக் என்பவரும் இருவரும் சேர்ந்து உயிரியல், மருத்துவம் சார்ந்த 20,621 கட்டுரைகளின் படங்களைப் பார்த்து, 3.8 சதவீதக் கட்டுரைகளில் சந்தேகத்துக்கிடமான படங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களெல்லாம் என்னைப்போல் நியூட்டன் வளையத்தில் ஆரம்பித்தவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எப்படிக் கைக்கு வரும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆசிரியர்கள் பக்கத்து நியாயமும் இருக்கிறது. எங்கள் துறையில் ஒரு சாரிடம் இதைப் பேசியபோது, "அறுபது பேரு, ரெண்டு மைக்ராஸ்கோப்பு, மூணு மணி நேரம், நீயே சொல்லுப்பா" என்றார். கருவியைக் கையாளப் பழக விடை தெரிந்த பரிசோதனை வேண்டும் என்றும் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். நாங்களும் வீடியோ எடுக்கும் முன் அளவு தெரிந்த கோடுகள் போட்ட கண்ணாடியை வைத்துத்தான் ஒரு பிக்சல் எத்தனை மைக்ரோமீட்டர் என்று பார்க்கிறோம். 5893-ஐத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. 5700 வந்தால் 5700 என்று எழுதவும், ஏன் என்று அரைப் பக்கம் எழுதினால் அதற்கு மார்க் போடவும் வழி வேண்டும் என்கிறேன். கூடவே வருடத்துக்கு ஒரே ஒரு பரிசோதனையாவது சுவரில் விடை எழுத முடியாததாக இருக்கட்டும்.

இங்கேதான் பால் வருகிறது. பாக்கெட்டில் 'ஹோமோஜினைஸ்டு' என்று போட்டிருக்கும் பால். அதில் கொழுப்பை உடைத்து ஒரு மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழுமான உருண்டைகளாக ஆக்கியிருப்பார்கள். ஒரு சொட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டு, அதிலிருந்து ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, ஓரத்தில் நெயில் பாலிஷ். தாவரவியல் துறையில் 40 மடங்கு லென்ஸ் போட்ட மைக்ராஸ்கோப் தூசி படிந்து கிடக்கும், கேட்டால் தருவார்கள். மொபைலை மேலே வைத்து வீடியோ. இரண்டு மைக்ராஸ்கோப் போதும், வீடியோ எடுக்க ஐந்து நிமிடம், மீதி வேலை வீட்டில்.

இதில் யாருக்கும் ஒரே விடை வராது. உருண்டைகள் பல அளவு. கொழுப்பு என்பதால் மெல்ல மேலே ஏறும். அறை 25 டிகிரியிலிருந்து 35-க்குப் போனால் தண்ணீரின் பாகுத்தன்மை இறங்கி, விரவல் கால் பங்குக்கு மேல் கூடிவிடும், ஆகவே காலை பேட்ச்சும் மதிய பேட்ச்சும் ஒன்றாக வராது. மொபைல் வேறு தன் பங்குக்கு விளையாடும். நடுக்கத்தைச் சரி செய்கிறேன் பேர்வழி என்று ஸ்டெபிலைசேஷன் படத்தை நகர்த்தும், அழகாக்குகிறேன் என்று ஓரங்களைக் கூர்மையாக்கும். காப்பியடிக்க வழியே இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரனின் எண் உங்களுக்கு உதவாது.

போன மாதம் இரண்டாம் வருட ஜூனியர்கள் மூன்று பேரை வைத்து இதைச் செய்து பார்த்தோம். மார்க் இல்லை, ரெக்கார்ட் இல்லை, டீ மட்டும். ஒருவனுக்குச் சாய்வு 1.3. எல்லா உருண்டைகளின் சராசரி ஓட்டத்தையும் கழிக்க மறந்திருந்தான், அரை மணி நேரத்தில் அவனே கண்டுபிடித்தான். இன்னொருவனுக்கு 0.7, இன்னும் மொபைலைத் திட்டிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது பெண்ணுக்கு 1.0. மற்ற இருவரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஓட்டம் சாய்வைக் கூட்டும், நடுக்கம் குறைக்கும்னு சொன்னீங்கல்ல? ரெண்டு தப்பும் சேர்ந்து ஒண்ணு வந்திருக்கலாமே?"

மறுபடி ஸ்லைடு போடப் போயிருக்கிறாள். நெயில் பாலிஷ் பாட்டில் இப்போது அவளிடம்தான் இருக்கிறது.